கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடியவரிடமிருந்து தொடங்குங்கள்: ஹொரேஸை வாசிக்க ஒரு வழி

அதிகாரம், அச்சம், நெஞ்சுரம் இந்த மூன்றையும் பற்றி ரோமானியக் கவி ஹொரேஸ் எழுதியதை வாசிக்க வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களை எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் அனுப்புவார்கள். அவருடைய பாடல் தொகுப்பின் மூன்றாம் புத்தகம், முதல் ஆறு பாடல்கள். ‘ரோமானியப் பாடல்கள்’ என்று அவற்றுக்குத் தனிப்பெயரே உண்டு. தவறான இடம் இல்லைதான். ஆனால் நேராக அங்கே போய் நின்றால், உயரமான மேடையிலிருந்து ஊருக்கு உபதேசம் செய்கிற ஒருவர்தான் கண்ணில் படுவார். நான் அப்படிப் போய் பத்துப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்தவள். மூன்று வருஷம் கழித்து வேறு வாசல் வழியாகப் போனேன். அன்றிலிருந்து அவர் என் மேசையை விட்டு நகரவில்லை. அந்த வாசலைத்தான் இங்கே காட்டப் போகிறேன்.

நான் லத்தீன் படித்தவள் இல்லை. 31 வருஷம் கருவூலத்தில் பில், வவுச்சர், டோக்கன், சலான் என்று காலம் தள்ளி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். ஹொரேஸும் கருவூலக் குமாஸ்தாதான் என்று தெரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட நெருக்கத்தைச் சொல்லி முடியாது. ரோமில் அரசுக் கருவூலம் சாட்டர்ன் என்ற கடவுளின் கோயிலில் இருந்தது. அந்தக் கோயிலின் எட்டுத் தூண்கள், நகரின் பழைய பொதுச் சதுக்கமான ஃபோரத்தின் இடிபாடுகளுக்கு நடுவே இன்றும் நிற்கின்றன. அங்கே அரசுக் கணக்கையும் ஆவணங்களையும் எழுதுகிற பணியை அவர் காசு கொடுத்து வாங்கினார். பகலில் பேரேடு, மற்ற நேரத்தில் கவிதை.

கையில் என்ன வேண்டும்

லத்தீனும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கத்தில் அச்சான லோப் பதிப்பு இருந்தால் நல்லது. அந்த வரிசையில் கிரேக்க நூல்களுக்குப் பச்சை அட்டை, லத்தீன் நூல்களுக்குச் சிவப்பு. திருவல்லிக்கேணியில் பழைய புத்தகம் விற்கும் நடைபாதைக் கடையில் எனக்குக் கிடைத்தது 1914-இல் பென்னட் மொழிபெயர்த்தது. 2004-இல் நையல் ரட் செய்த புதிய மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. அதன் ஆங்கிலம் இன்னும் தெளிவு. எது கிடைத்தாலும் சரி, லத்தீன் பக்கம் இல்லாத புத்தகத்தை மட்டும் வாங்காதீர்கள். ஏன் என்பது இரண்டாம் வாரத்தில் புரியும்.

கோடு போட்ட நீள நோட்டு ஒன்று. இடது பக்கத்தில் பாட்டின் பொருளை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். வலது பக்கம் காலியாக இருக்கட்டும்.

வாய்விட்டு வாசிக்க ஓர் ஆள் கிடைத்தால் பெரிய பாக்கியம். எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவர் இருக்கிறார். குருமடத்தில் லத்தீன் படித்தவர். ஞாயிறு மாலை நாலு மணிக்கு நான் காபி கொண்டுபோவேன், அவர் வாசிப்பார். கோயில் உச்சரிப்பில் ‘சாச்செர்தோஸ்’ என்று அவர் சொல்வதைப் பல்கலைக்கழக உச்சரிப்பில் ‘சாகெர்தோஸ்’ என்பார்கள். அர்த்தம் பூசாரி. எந்த உச்சரிப்பை எடுத்துக்கொண்டாலும் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.

எட்டு வாரம் ஒதுக்குங்கள். வாரத்துக்கு ஒரு பாட்டு. கி.மு. 23-இல் அவர் வெளியிட்ட மூன்று புத்தகங்களில் மட்டும் 88 பாடல்கள் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே மூச்சில் படித்தவர்கள் யாரும் ஒன்றையும் ஞாபகம் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

முதல் வாரம்: இரண்டாம் புத்தகம், ஏழாம் பாட்டு

போர் முடிந்து பல வருஷம் கழித்து ஊர் திரும்பும் பழைய நண்பன் பொம்பெயுஸுக்கு எழுதியது. இதைத் தொடுவதற்கு முன் ஹொரேஸ் யார் என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

கி.மு. 65 டிசம்பர் 8-இல் தெற்கு இத்தாலியில் வெனூசியா என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஒரு காலத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். சின்ன நிலம், ஏல விற்பனையில் பணம் வசூலிக்கும் வேலை. மகனை உள்ளூர்ப் பள்ளிக்கு அனுப்பாமல் ரோமுக்கே அழைத்துப் போய், ஒவ்வொரு ஆசிரியரிடமும் தானே கூட நின்று காவல் காத்தார். அதை ஹொரேஸ் பின்னாளில் எழுதியிருக்கும் விதம் (நையாண்டிக் கவிதைகள் முதல் புத்தகம், ஆறாவது) கண் கலங்க வைக்கும். மகன் மேல்படிப்புக்கு ஏதென்ஸ் போன நேரத்தில் ரோமில் சீசர் கொல்லப்பட்டார். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் ஏதென்ஸுக்கு வந்து இளைஞர்களைத் திரட்டினார். ஹொரேஸும் சேர்ந்தார். அடிமையாயிருந்தவரின் மகனுக்கு எட்டாத பதவி கிடைத்தது: படைத்துணைத் தலைவர். கி.மு. 42-இல் பிலிப்பி போரில் புரூட்டஸின் படை நொறுங்கியது. ஹொரேஸுக்கு அப்போது 22 வயது. ஓடினார். மன்னிப்புப் பெற்று ஊர் வந்து பார்த்தால் அப்பாவின் நிலம் பறிபோயிருந்தது.

இப்போது 2.7-ஐ எடுங்கள். மூன்றாவது பத்தியில் நிறுத்துங்கள். பிலிப்பியையும் வேகமான ஓட்டத்தையும் உன்னோடு சேர்ந்து பட்டேன், என்கிறார். அடுத்து நாலு சொல்: ‘ரெலிக்டா நோன் பெனே பார்முலா’. பார்முலா என்றால் குட்டிக் கேடயம். ரெலிக்டா, விட்டுவிடப்பட்டு. நடுவில் இருக்கும் ‘நோன் பெனே’தான் முக்கியம். நல்லபடியாக இல்லாமல். “கேடயத்தை விட்டுவிட்டு வந்தேன், அது அழகில்லை.” அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை, சூழ்நிலை மேல் பழி போடவில்லை, தன்னை அடித்துக்கொண்டு அழவும் இல்லை.

அதற்கு முன்னால் ஆர்க்கிலோக்கஸ் முதலான கிரேக்கக் கவிகளும் கேடயத்தைத் தொலைத்த கதையைப் பாடியிருக்கிறார்கள். அதனால் இது வெறும் கவி மரபு என்று சொல்கிற அறிஞர்கள் உண்டு. மரபாகவே இருக்கட்டும். ஆனால் பிலிப்பியில் அவர் இருந்தது நிஜம், அவர் பக்கம் தோற்றதும் நிஜம். பிலிப்பியில் வென்ற பக்கத்தில் இருந்து, பிறகு ரோமின் முதல் பேரரசரான அகஸ்டஸின் ஆட்சியில், அவருக்கே எதிராக நின்ற போரைத் தன் பேரில் எழுதி வெளியிட்டதும் நிஜம்.

அடுத்த வரியில் ‘ஃப்ராக்டா விர்டூஸ்’ என்று வரும். இந்த ‘விர்டூஸ்’ என்ற சொல்லை நோட்டில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள், எட்டு வாரமும் கூடவே வரப்போகிறது. ‘விர்’ என்றால் ஆண்மகன். அதிலிருந்து வந்ததால் வீரம், பிறகு குணத்தின் உறுதி, பிறகு அறம் என்று விரிந்தது. நம் ‘ஆண்மை’யும் கிட்டத்தட்ட அதே பாதையில் நடந்த சொல்தான். ஆனால் இன்றைக்கு அந்தச் சொல்லை எடுத்தால் என்னைப் போன்றவர்களுக்கு வெளியே நிற்பது போல் இருக்கிறது. ‘அறம்’ என்று போட்டால் போர்க்களத்து வியர்வை காணாமல் போகிறது. நான் ‘நெஞ்சுரம்’ என்று எழுதினேன். ஆக இந்த வரி: நெஞ்சுரம் முறிந்தது, வீறாப்புப் பேசியவர்களின் முகவாய் மண்ணைத் தொட்டது.

நெஞ்சுரம் பற்றி இவர் பின்னால் சொல்லப்போகும் அத்தனைக்கும் அடியில் இந்த முறிவு இருக்கிறது.

வாரம் முடிவதற்குள் வலது பக்கத்தில் ஒன்று எழுதுங்கள். நீங்கள் கேடயத்தைப் போட்ட நாள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. நான் எழுதியதை இங்கே சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்லாமல் அடுத்த பாட்டை என்னால் விளக்க முடியாது.

ஒரு மார்ச் 31. இரவு ஒன்பதரை மணி. நிதியாண்டின் கடைசி நாள் என்பதால் அலுவலகம் முழுக்க ஆட்கள். என் மேசைக்கு ஒரு பட்டியல் வந்தது. இணைத்திருக்க வேண்டிய வவுச்சர்கள் இல்லை. ஆட்சேபணைக் குறிப்பைப் பென்சிலில் எழுதியும்விட்டேன். மையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மேலதிகாரி கூப்பிட்டார். “மேலேயிருந்து சொல்லியாச்சும்மா, பாஸ் பண்ணிடுங்க, வவுச்சரை அப்புறம் வாங்கிக்கலாம்.” சின்னவளுக்கு அப்போது பள்ளியிறுதித் தேர்வு. மாற்றல் வந்தால் என்ன செய்வது என்ற ஒரே எண்ணம். பாஸ் பண்ணிவிட்டேன். பென்சில் குறிப்பை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டேன். பின்னால் தணிக்கையில் அது வந்து, பணமும் திரும்பக் கட்டப்பட்டு, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நோன் பெனே.

இரண்டாம், மூன்றாம் வாரம்: 3.1

இந்தப் பாட்டுக்கு மட்டும் இரண்டு வாரம் கொடுங்கள்.

முதல் வரியிலேயே பலர் முகம் சுளித்து விலகிவிடுகிறார்கள். ‘பாமர ஜனங்களை வெறுக்கிறேன், தள்ளி நிறுத்துகிறேன்’ என்றுதான் பல மொழிபெயர்ப்புகளில் இருக்கும். அடிமையாயிருந்தவரின் மகன் இப்படிப் பேசுவாரா என்று எனக்கும் தோன்றியது. லத்தீனில் ‘பாமர’ என்ற இடத்தில் இருக்கும் சொல் ‘ப்ரொஃபானும்’. ஃபாதர்தான் விளக்கினார். “ப்ரொஃபானும்னா கோயிலுக்கு வெளியே நிக்கிறவங்கம்மா. சடங்கு ஆரம்பிக்கிறப்ப பூசாரி சொல்ற வார்த்தை இது. அடுத்து என்ன சொல்றார் பாருங்க, நாவை அடக்குங்கன்னு.” அதாவது, சடங்குக்கு முன் இடத்தைச் சுத்தம் செய்கிறார். கூப்பிடுவது யாரை? சிறுமிகளையும் சிறுவர்களையும். ஒரு தலைமுறை முழுக்க உள்நாட்டுப் போரில் ரத்தம் சிந்திய ஊர் அது. பெரியவர்களிடம் பேசிப் பிரயோசனமில்லை என்று பிள்ளைகளைப் பார்த்துத் திரும்புகிறார்.

இந்த முதல் பத்தியை விரல்விட்டு எண்ணுங்கள். நாலு வரி. அசைக் கணக்கு 11, 11, 9, 10. முதல் இரண்டு வரி ஏறும், மூன்றாவது நின்று கனமாக நடக்கும், நான்காவது சரசரவென்று இறங்கிவிடும். ஆறு பாடல்களுக்கும் இதே நடைதான். சில ஞாயிறுகளுக்குப் பிறகு அர்த்தம் தெரியாமலே காது அதை எதிர்பார்க்கத் தொடங்கும். நான்காவது வரியில்தான் அவர் குத்தலை வைப்பார்.

இரண்டாம் பத்தியில் அதிகார ஏணி. ராஜாக்களுக்கு அதிகாரம் தங்கள் மந்தைகள் மேல். ஆம், மக்கள் என்று சொல்லவில்லை, ‘க்ரெகேஸ்’, ஆட்டு மாட்டு மந்தைக்குச் சொல்கிற அதே சொல். அந்த ராஜாக்கள் மேல் அதிகாரம் தேவர்களின் அரசனான ஜூப்பிட்டருக்கு. அவர் எல்லாவற்றையும் அசைப்பது எதனால் தெரியுமா? புருவத்தால். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இந்த ஒரு சொல்லுக்கு உரை தேவைப்படாது.

பிறகு நாலு பேரை வரிசையாக நிறுத்துகிறார்: திராட்சைத் தோட்டம் அதிகம் வைத்திருப்பவர், நல்ல குலத்தில் பிறந்து தேர்தலில் நிற்பவர், நல்ல பெயரை நம்பி நிற்பவர், பெரிய அடியாள் கூட்டம் உள்ளவர். எல்லோருடைய பெயரையும் விதி ஒரே குடத்தில் போட்டுக் குலுக்குகிறது. ‘குடம்’ என்று எழுதியதும் குடவோலை ஞாபகம் வந்துவிடும். அதைத் தள்ளிவையுங்கள். அது பதவிக்கு ஆள் எடுக்கும் குடம், இது ஆளையே எடுக்கும் குடம்.

அடுத்தது உருவிய வாள். இங்கே ஹொரேஸ் பெயர் எதுவும் சொல்ல மாட்டார். ‘சிசிலி விருந்து’ என்று ஒரே ஒரு குறிப்பு. ரோமானியருக்கு அது போதும். சிசிலியில் சிராகூஸ் நகரை 38 வருஷம் ஆண்ட கொடுங்கோலன் டயோனிசியஸ். அவனைப் புகழ்ந்து தள்ளிய டாமோக்ளிஸை ராஜ ஆசனத்தில் உட்காரவைத்து, விருந்து பரிமாறி, தலைக்கு மேலே குதிரைமுடியில் ஒரு வாளைத் தொங்கவிட்டான். ரோமானியப் பேச்சாளர் சிசெரோ எழுதிவைத்த கதை. அதே இடத்தில் சிசெரோ சொல்லும் இன்னும் இரண்டு விஷயங்கள்தான் என்னை அதிகம் தொட்டவை. நாவிதன் கையில் கத்தியைக் கொடுக்கப் பயந்து டயோனிசியஸ் தன் மகள்களுக்குச் சவரம் கற்றுக்கொடுத்தான். மகள்கள் வளர்ந்ததும் அவர்கள் கையிலும் கத்தி வேண்டாம் என்று, சூடான அக்ரூட் கொட்டை ஓட்டால் முடியைப் பொசுக்கச் சொன்னான். படுக்கையைச் சுற்றி அகழி வெட்டி, குறுக்கே சின்ன மரப்பாலம் போட்டு, படுக்கப் போகும்போது பாலத்தைத் தானே இழுத்து வைத்துக்கொண்டான்.

கதையில் வாளுக்குக் கீழே உட்காருவது ஜால்ரா போட்டவன். ஹொரேஸ் பாட்டில் வாள் தொங்குவது ‘பாவம் செய்த கழுத்துக்கு’ மேலே. விருந்தாளியை எழுப்பிவிட்டு, உண்மையான சொந்தக்காரனையே அந்த நாற்காலியில் உட்காரவைக்கிறார். அவனுக்குச் சாப்பாடு ருசிக்காது, பறவைப் பாட்டும் யாழும் தூக்கத்தைத் திரும்பக் கொண்டுவராது. தூக்கம் எங்கே போகிறது? குடியானவர்களின் தாழ்ந்த வீட்டுக்கு. அது அந்த வீட்டை இளக்காரமாக நினைப்பதில்லை என்கிறார்.

போதும் என்ற அளவை விரும்புகிறவனைக் கொந்தளிக்கும் கடல் கலக்காது என்ற இடத்தில் ஒரு சின்ன விலகல். அவருடைய கடிதக் கவிதைகளின் முதல் கடிதத்தில், வறுமைக்குப் பயந்து கடல், பாறை, தீ எல்லாம் தாண்டி இந்தியாவின் கடைக்கோடிவரை ஓடும் வியாபாரி ஒருவன் வருகிறான். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய அந்த யவனக் கப்பல்களை நம் பழம்பாட்டு இந்தக் கரையிலிருந்து பார்த்துப் பாடியது. ஹொரேஸ் அந்தக் கரையிலிருந்து பார்க்கிறார், கப்பலில் ஏறியவனின் பயத்தை.

இப்போது மூன்றாம் வாரம் முழுக்க இரண்டே பத்தி. கடலுக்குள் வீடு கட்டும் பணக்காரன். நேப்பிள்ஸ் வளைகுடாவில் பையே என்ற ஊரில் இது அன்றைய பெரிய மோகம். அந்தப் பக்கத்து எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கடியிலும் இறுகும். ஹொரேஸின் காலத்தவரான கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதை எழுதியிருக்கிறார். ஆகவே கான்ட்ராக்டர் வருகிறார், கூலி அடிமைகள் வருகிறார்கள், ஜல்லியைக் கடலில் கொட்டுகிறார்கள். மண் அலுத்துப்போன முதலாளியும் கூட நிற்கிறார். கடல் குறுகியது மீன்களுக்கு முதலில் தெரிகிறது. அப்புறம் வருகிறது:

அச்சமும் மிரட்டல்களும் ஏறுகின்றன, எசமான் ஏறும் அதே இடத்துக்கு.

லத்தீனில் ‘ஸ்காண்டுன்ட் எஓடெம் க்வோ டொமினுஸ்’. ஏணியிலோ படியிலோ கால் வைத்து ஏறுவதைக் குறிக்கும் சொல் அது. அச்சம் மேலேயிருந்து விழவில்லை, வெளியேயிருந்து தாக்கவில்லை. அவர் பின்னாலேயே படியேறி வருகிறது.

அந்த மார்ச் 31 இரவு, பாஸ் பண்ணிய பட்டியலை நானே மாடிக்குக் கொண்டுபோனேன். அதிகாரியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் தனியாக உட்கார்ந்திருந்தார், நான் நிற்பது தெரியாது. தொலைபேசி அடித்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று எடுத்தார். “சரிங்கய்யா. ஆயிடுச்சுங்கய்யா.” பேசி முடிகிறவரை உட்காரவில்லை. இடது கை சட்டையின் மேல்பொத்தானைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த அறையில் பார்க்க யாருமே இல்லை. இத்தனை வருஷம் நான் அவருக்குப் பயந்தேன் என்று மட்டுமே நினைத்திருந்தேன். ஹொரேஸின் இந்த வரியைப் படித்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பொத்தான் ஞாபகம் வந்தது. அவர் மேல் இருந்த கோபம் போய்விடவில்லை. ஆனால் அவரோடு அந்த மாடிக்கு வேறு ஒன்றும் ஏறியிருந்ததைப் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது பத்தியின் நான்காவது வரிக்கு வாருங்கள். ‘போஸ்ட் எக்விடெம் செடெட் ஆட்ரா கூரா.’ லத்தீன் பக்கம் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். சொல் சொல்லாக: பின்னே, குதிரைக்காரனுக்கு, அமர்ந்திருக்கிறாள், கரியவள், கவலை. லத்தீனில் கவலை பெண்பால். குதிரைக்காரன் பின்னே யாரோ உட்கார்ந்திருப்பது முதலில் தெரிகிறது, கறுப்பாக இருப்பது அடுத்து, அது யார் என்பது கடைசிச் சொல்லில். ஆங்கிலம் அவளை முதலிலேயே காட்டிக்கொடுத்துவிடும். நமக்கு வேற்றுமை உருபு இருப்பதால் லத்தீனின் வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளலாம்: “குதிரைக்காரன் பின்னே அமர்ந்திருக்கிறாள் கரியவள், கவலை.” உங்கள் நோட்டில் இதை நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். எந்த விதத்தில் எழுதினாலும் ‘கவலை’ கடைசியில் வரட்டும்.

நான்காம் வாரம்: 3.2

இதில்தான் ‘தாய்நாட்டுக்காகச் சாவது இனியது, தகுந்தது’ என்ற வரி இருக்கிறது. போர் நினைவுச் சின்னங்களில் செதுக்கப்பட்ட வரி. முதல் உலகப் போரில் விஷவாயுவில் திணறிச் சாகும் சிப்பாயைப் பாடிய ஆங்கிலக் கவி வில்ஃப்ரெட் ஓவன் இதைப் பழைய பொய் என்று எழுதினார். அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். நீங்கள் செய்ய வேண்டியது, அந்த வரியைத் தனியாகப் பிய்த்தெடுக்காமல் அடுத்த வரியோடு சேர்த்து வாசிப்பது: சாவு, ஓடுகிறவனையும் துரத்திப் பிடிக்கும். ஓடியவனே எழுதுகிறான். முதல் வாரத்தில் 2.7 வாசித்திருந்தால் இந்த இடத்தில் உங்களுக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் நான் இந்தப் பாட்டுக்கு வருவது ஐந்தாவது பத்திக்காக. நெஞ்சுரத்துக்குத் தேர்தல் தோல்வியின் அவமானம் தெரியாது. மக்கள் காற்று வீசுகிற திசையைப் பார்த்து அது கோடரியை எடுப்பதும் இல்லை, கீழே வைப்பதும் இல்லை. கோடரி என்ன என்று குழம்ப வேண்டாம். கான்சல் என்ற ரோமானிய உயர் ஆட்சியாளர் ரோம நகருக்கு வெளியே நடந்தால், முன்னால் ஏவலர்கள் பிரம்புக் கட்டில் செருகிய கோடரியைத் தூக்கிப் போவார்கள். நம்மூரில் சிவப்பு விளக்கு வைத்த காருக்கு இருந்த இடம் அதற்கு. யாரோ கொடுத்ததை யாரோ பிடுங்கலாம். கொடுக்கப்படாததைப் பிடுங்க வழியில்லை.

கடைசியில் தண்டனை நொண்டிக்காலோடு வருகிறாள். மெதுவாகத்தான் வருவாள், முன்னே ஓடும் குற்றவாளியைத் தவறவிட்டது அபூர்வம். தணிக்கைத் துறையை நான் அப்படித்தான் மனதில் வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் வாரம்: 3.3, முதல் எட்டு வரி மட்டும்

நியாயமும் பிடித்த பிடியும் உள்ள ஒருவனை, தப்பானதைச் செய்யச் சொல்லும் குடிமக்களின் கொதிப்பும் அசைக்காது, முன்னால் வந்து நிற்கும் கொடுங்கோலனின் முகமும் அசைக்காது. வரிசையைப் பாருங்கள். கூட்டம் முதலில், கொடுங்கோலன் பிறகு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தவர் இவர். உலகமே உடைந்து மேலே விழுந்தாலும், அஞ்சாதவனை இடிபாடுகள் தாக்கும்.

இங்கே நம் பள்ளிக்கூட மேடைகளில் முழங்கும் வானம் இடிந்து விழுகிற வரி எல்லோருக்கும் நினைவு வரும். எனக்கும் வந்தது. உடனே அதோடு ஒட்டவைத்துவிடாதீர்கள். ‘ஃபெரியென்ட்’ என்ற வினையைக் கவனியுங்கள், ‘தாக்கும்’. அஞ்சாதவன் தப்பிப்பான் என்று ஹொரேஸ் சொல்லவே இல்லை. கல் அவன் மேல் விழத்தான் போகிறது. விழும்போது அவன் அஞ்சாமல் இருக்கிறான். மாற்றல் உத்தரவு வரும் என்று தெரிந்தே குறிப்பில் கையெழுத்துப் போட்ட ஓரிருவரை எனக்குத் தெரியும். உத்தரவு வந்தது. போனார்கள்.

மிச்சப் பாட்டில் அகஸ்டஸ் தேவர்களோடு சாய்ந்து, சிவந்த உதட்டால் அமுதம் குடிக்கிறார். அதை அடுத்த முறை வாசிக்கலாம்.

3.4 ஆறு பாடல்களிலும் நீளமானது, 80 வரி. வாரம் ஒதுக்க வேண்டாம், ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: யோசனை இல்லாத பலம் தன் எடையாலேயே சரியும். 3.6-ஐயும் ஒரு மாலையில் முடித்துவிடலாம். கோயில்களைப் புதுப்பிக்கும்வரை முன்னோர் பாவம் தீராது என்று தொடங்கும். கி.மு. 28-இல் 82 கோயில்களைச் செப்பனிட்டதாக அகஸ்டஸ் தன் சாதனைக் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறார். அரசின் திட்டமும் கவியின் பாட்டும் எவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதைக் கண்டுகொள்ள அது உதவும்.

ஆறாம் வாரம்: 3.5-இன் கடைசிப் பதினாறு வரி

ரெகுலஸ் என்ற ரோமானியத் தளபதி கி.மு. 255-இல் ரோமின் பகை நகரான கார்த்தேஜிடம் சிறைப்பட்டார். கைதிகளை மாற்றிக்கொள்ளும் பேச்சுக்காக அவரையே ரோமுக்கு அனுப்பினார்கள். அவர் செனட்டில் எழுந்து, என்னையும் மற்றக் கைதிகளையும் மீட்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, கொடுத்த வாக்குக்காகத் திரும்பிப் போனார் என்பது கதை. அந்தப் போரை விரிவாக எழுதிய போலிபியஸிடம் இந்தக் கதை இல்லாததால் வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். கதையாகவே வாசிப்போம்.

மனைவியின் முத்தத்தையும் குழந்தைகளையும் விலக்கித் தரையைப் பார்த்து நிற்கிறார். அங்கே சித்திரவதைக்காரன் என்ன தயார் செய்து வைத்திருக்கிறான் என்று தெரியும். வழிமறிக்கும் சொந்தக்காரர்களை ஒதுக்கிவிட்டு நடக்கிறார். எப்படி நடக்கிறார்? கட்சிக்காரர்களின் நீண்ட வழக்குகளைத் தீர்த்துவைத்துவிட்டு, வெனாஃப்ரும் வயல்களுக்கோ டரென்டம் நகருக்கோ கிளம்புகிறவரைப் போல. அங்கே பாட்டு முடிகிறது.

சித்திரவதையை ஒரு சொல்லால்கூட வர்ணிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோப்பை மூடிவைத்து, டிபன் பாக்ஸைப் பையில் போட்டு, ஊருக்குப் பஸ் பிடிக்கப் போகிற ஒருவரின் நடை. ஃபாதர் இதை வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று நாங்கள் வேறு எதுவும் வாசிக்கவில்லை. நீங்களும் வேறு எதுவும் வாசிக்காதீர்கள்.

ஏழாம், எட்டாம் வாரம்: அவர் சொன்னதைச் செய்தாரா?

இந்தக் கேள்வி வந்தே தீரும். வரவில்லையென்றால் நீங்கள் சரியாக வாசிக்கவில்லை. பிலிப்பியில் எதிர்ப்பக்கம் நின்றவர், வென்றவரையே தெய்வமாக்கிப் பாடினார். அகஸ்டஸின் வலது கையான மைசெனாஸ்தான் அவருக்குச் சபைன் மலையில் ஒரு பண்ணையைக் கொடுத்தார். 3.1-இன் முடிவில் அந்தப் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு ஏன் பாரமான செல்வத்தைத் தேட வேண்டும் என்று கேட்கிறாரே, அதே பண்ணை. கொடையாக வந்த இடத்திலிருந்து போதும் என்ற மனம் பற்றிப் பாடுவது எனக்கு வெகுநாள் உறுத்தியது.

இரண்டு விஷயங்களை எடுத்து வையுங்கள். ஒன்று, அகஸ்டஸ் தன் சொந்தக் கடிதங்களை எழுத ஹொரேஸைச் செயலாளராக அனுப்பும்படி மைசெனாஸுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தை வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் பாதுகாத்திருக்கிறார். உலகத்தின் மிகப் பெரிய அதிகாரத்துக்குப் பக்கத்து நாற்காலி. ஹொரேஸ் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது, கடிதக் கவிதைகள் முதல் புத்தகம், ஏழாவது. ஐந்து நாளில் வருகிறேன் என்று மைசெனாஸிடம் சொல்லிவிட்டு ஒரு மாதம் முழுக்கப் போகாமல் இருந்துவிட்டு எழுதியது. அதில் ஒரு குட்டி நரி. மெலிந்து கிடந்த நரி சின்ன ஓட்டை வழியாகத் தானியக் குதிருக்குள் நுழைந்து, வயிறு புடைக்கத் தின்றுவிட்டு வெளியே வர முடியாமல் தவிக்கிறது. (நரி எங்கே தானியம் தின்னும் என்று 18-ஆம் நூற்றாண்டில் பென்ட்லி என்ற அறிஞர் அதை வயல் எலியாகத் திருத்தினார். சுவடிகளில் நரிதான். நான் நரியையே வைத்துக்கொள்கிறேன்.) மரநாய் ஒன்று சொல்கிறது: மெலிந்து நுழைந்தாய், மெலிந்துதான் வெளியே போக வேண்டும். இந்தக் கதை என்னைக் குறிக்குமானால், என்கிறார் ஹொரேஸ், ‘குங்க்டா ரெசிக்னோ’. ‘குங்க்டா’ என்றால் அனைத்தையும். ‘ரெசிக்னோ’வுக்குள் இருப்பது ‘சிக்னும்’, முத்திரை.

இரண்டு ஞாயிறு இந்த இரண்டு சொல்லோடு போராடினோம். ‘துறக்கிறேன்’ என்று போட்டால் சாமியார் வாடை அடிக்கிறது. ‘திருப்பித் தருகிறேன்’ சரிதான், ஆனால் லேசாக இருக்கிறது. கடைசியில் என் வேலையிலிருந்தே சொல் கிடைத்தது. மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீட்டை அரசுக்குத் திருப்பி எழுதிக் கொடுப்பதற்கு நாங்கள் சொல்வது: அனைத்தையும் ஒப்படைக்கிறேன். ஃபாதர் அதை மெதுவாக ஒரு முறை சொல்லிப் பார்த்தார். “வைங்கம்மா, அது நிக்குது” என்றார்.

அவர் பண்ணையை ஒப்படைக்க வேண்டிய நிலை வரவில்லை. மைசெனாஸ் கேட்கவும் இல்லை. கி.மு. 8-இல் மைசெனாஸ் இறந்து சில வாரங்களில், நவம்பர் 27-இல், ஹொரேஸும் இறந்தார். இருவரையும் எஸ்க்விலின் குன்றில் பக்கத்தில் பக்கத்தில் புதைத்தார்கள்.

நரிக் கடிதம் முடிந்த அன்றே நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பி 2.7-ஐ இன்னொரு முறை வாசியுங்கள், இந்தத் தடவை முழுப் பாட்டையும். கேடயம் விழுவது நடுவில்தான். அதற்குப் பிறகு ஹொரேஸ் நண்பனைத் தன் லாரல் மரத்தடியில் படுக்கச் சொல்லி, உனக்காக எடுத்துவைத்த மதுக் குடங்களில் கஞ்சத்தனம் காட்டாதே, கோப்பைகளை நிரப்பு என்கிறார். முதல் வாரத்தில் நான் அந்தப் பகுதிக்குப் போகவே இல்லை, கேடயத்திலேயே நின்றுவிட்டேன்.